மலிந்த தக்காளியும் மண்சட்டியும்

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் ரஸ்தாவில் இருபது கிலோ மீட்டருக்குச் சற்று மேலே சென்றால் கிணத்துக்கடவு என்ற ஊர் வரும். ஊருக்கு அடையாளம் பொன்மலை. மலை என்று பெயரே தவிர, அது ஒரு சிறு குன்றுதான். அதன் உச்சியில் வேலாயுதசுவாமி கோயில் கொண்டிருக்கிறார். மாசி மாதத்தில் ஒரு நாள் காலை சுவாமி தரிசனம் செய்துவிட்டுக் கீழே இறங்கிய நாம், அப்படியே ஊர்ச் சந்தையையும் பார்த்து வரலாம் என்று போனோம். அங்கே வேறு சில மலைகளைக் கண்டோம். எல்லாம் செக்கச் செவேல் என்று தக்காளி மலைகள்!

கால் வைக்க இடமில்லை. பெட்டி மேல் பெட்டியாகத் தக்காளி அடுக்கியிருந்தது. ஒரு பெட்டிக்குச் சுமார் 14 கிலோ. ஏலம் விடுகிறவர் தொண்டை கட்டும்படி கூவிக் கொண்டிருந்தார். கேட்கிறவர்களோ அவசரப்படவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்ல வந்த லாரிகளில் பாதி இன்னும் காலியாகவே நின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு இன்று இல்லாவிட்டால் நாளை. தக்காளிக்கு நாளை என்பதே கிடையாது.

ஒரு மூலையில் பெரியவர் ஒருவர் தோளில் துண்டைப் போட்டுக் கொண்டு, தம் பெட்டிகளின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மெல்லப் பேச்சுக் கொடுத்தோம்.

"ஏனுங்க, விலை எப்படி?" என்று கேட்டோம்.

"வெலை எங்கீங்க இருக்குது? பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போனாக் கையில நிக்கறது பொட்டி ஒண்ணுதானுங்க. அதுவும் காலிப் பொட்டி."

"அப்படியானால் பறிக்காமலே விட்டிருக்கலாமே?"

பெரியவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பட்டணத்துக்காரன் கேட்கிற கேள்விதான் என்று நினைத்திருக்க வேண்டும்.

"செடியிலயே பழுத்து அழுகினாப் புழு உழுந்து செடியே போயிருமுங்க. இன்னும் நாலஞ்சு பறிப்பு இருக்குது. அதுல ஒண்ணுக்காச்சும் வெலை கெடைக்காதான்னு ஒரு நெனப்புத்தானுங்க."

ஒரு பெட்டி வேண்டும் என்றோம். அவர் சொன்ன விலையைக் கேட்டபோது வெட்கமாய் இருந்தது. கோயமுத்தூர் ஹோட்டலில் இரண்டு பேர் காபி சாப்பிட்டால் ஆகும் பணந்தான். பேரம் பேசாமல் கொடுத்து, பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

வீட்டில் நமக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றி விஸ்தாரமாக எழுத வேண்டியதில்லை. "எந்த வீட்டில் கல்யாணம்?" என்று ஒரு கேள்வி பிறந்தது. "நாளை மறுநாள் பாதி அழுகிப் போகும், யார் கொட்டுவது?" என்று இரண்டாவது கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் விழித்தோம். நல்ல வேளையாகப் பக்கத்து வீட்டு ஆத்தா அந்தச் சமயம் உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார், ஒரு பழத்தை எடுத்து அமுக்கினார், முகர்ந்தார்.

"நாட்டுத் தக்காளி. நல்லாத்தான் இருக்குது, அம்மணி. இதுல எதுக்கு ரோசனை? பாதியைக் கடையலாம், பாதியைத் தொக்குப் போடலாம். மண்சட்டி இருக்குதா?" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

எங்கிருந்தோ வந்த பழம்

தக்காளி நம் நாட்டுப் பழமா என்று கேட்டால், இல்லை. அதன் காட்டு மூதாதைகள் தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைச் சாரலில் வளர்ந்தவை. அதைப் பயிராக்கி ஆண்டு அனுபவித்தவர்கள் மெக்ஸிகோ தேசத்துப் பூர்வ குடிகள். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்பெயின் தேசத்தார் அங்கே புகுந்து பொன்னை அள்ளி வந்தபோது, இதையும் கூடவே ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தார்கள். பொன் செலவாகிவிட்டது, தக்காளி நிலைத்துவிட்டது.

ஐரோப்பியர்கள் இதை உடனே வாயில் போட்டுக் கொள்ளவில்லை. ஊமத்தையும் இதுவும் ஒரே குடும்பத்துச் செடிகளாயிற்றே, விஷமாயிருக்குமோ என்று பல காலம் பயந்து, தோட்டத்தில் அழகுக்காக வளர்த்தார்கள். இத்தாலியர்கள் இதற்குப் 'பொன் ஆப்பிள்' என்று பெயர் சூட்டினார்கள். அமெரிக்காவிலோ இதன் பேரில் ஒரு வழக்கே நடந்தது. தக்காளி பழமா, காய்கறியா என்பது கேள்வி. காய்கறியானால் இறக்குமதி வரி உண்டு, பழமானால் இல்லை. 1893-ம் வருஷம் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள், "தாவர சாஸ்திரப்படி பழமாயிருக்கலாம், ஆனால் ஜனங்கள் இதைச் சாப்பாட்டோடு கறியாகச் சாப்பிடுகிறார்கள், ஆகையால் காய்கறியே" என்ற கருத்துப்படத் தீர்ப்புச் சொன்னார்கள். இந்த விஷயத்தை நம் ஊர் அடுக்களையில் கேட்டிருந்தால் வக்கீல் செலவு மிச்சமாகியிருக்கும்.

இந்தியாவுக்கு இது கப்பலேறி வந்த பிறகும், வெகு காலம் வெள்ளைக்காரர்களின் தோட்டப் பயிராகவே இருந்தது. வங்காளத்தில் இதைச் 'சீமைக் கத்தரிக்காய்' என்ற பொருளுள்ள பெயரால் அழைத்தார்கள். நம் முன்னோர்கள் 'சீமைத் தக்காளி' என்றார்கள். ஏனெனில் தக்காளி என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. மெல்லிய உறைக்குள் சிறு பழம் தாங்கும் ஒரு செடிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது. வாய்ப் புண்ணுக்கு நாம் சமைக்கும் மணத்தக்காளியும் இருந்தது. வந்த விருந்தாளி நாளடைவில் வீட்டுக்காரர் பெயரையே எடுத்துக் கொண்டார்; 'சீமை' என்னும் அடைமொழியையும் கழற்றி எறிந்துவிட்டார்.

இன்று உலகத்தில் தக்காளி விளைவிப்பதில் சீனாவுக்கு அடுத்த ஸ்தானம் இந்தியாவினுடையது. வருஷத்துக்குச் சுமார் இரண்டு கோடி டன் விளைகிறது. கொங்கு நாட்டில் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, உடுமலைப்பேட்டை, பல்லடம் ஆகிய பக்கங்களில், ஒரு காலத்தில் கம்பும் சோளமும் மானம் பார்த்து விளைந்த பூமியில், கிணற்றுப் பாசனத்தையும் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலையும் நம்பி இது பயிராகிறது.

நம் நாட்டு விஞ்ஞானிகளும் இதைச் சும்மா விடவில்லை. சைதாப்பேட்டையில் 1868-ல் ஆரம்பமான விவசாயப் பள்ளிக்கூடம் வளர்ந்து, இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயமுத்தூருக்கு மாறி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகமாயிற்று. 'கோ 1', 'கோ 2', 'மருதம்' என்று பெயர் பெற்ற 'கோ 3' முதலிய தக்காளி ரகங்கள் அங்கே பிறந்தவை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அண்ணாஞ்சி என்னும் உள்ளூர் ரகத்திலிருந்து உண்டாக்கியது 'பி.கே.எம். 1'. சற்றுத் தட்டையாய், காம்புப் பக்கம் பச்சைத் தோளுடன், நல்ல புளிப்பாய் இருக்கும். நம் ஆத்தா 'நாட்டுத் தக்காளி' என்று சொன்னது இந்த ஜாதியைத்தான். மெக்ஸிகோவிலிருந்து வந்தது எவ்விதம் நாட்டுத் தக்காளியாயிற்று என்று கேட்க நமக்குத் தைரியம் வரவில்லை. கொங்கு நாட்டு மண்ணில் விளைந்து, கொங்கு நாட்டு வியர்வையில் நனைந்தது நாட்டுத் தக்காளி இல்லாமல் வேறென்ன?

தண்ணீர்தான் விஷயம்

அன்று அடுக்களையில் நாம் கற்றுக் கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: தக்காளிச் சமையல் என்பது தண்ணீரோடு நடத்தும் வியவகாரம்.

தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு வரையில் தண்ணீர் இருக்கிறது. பழம் சீக்கிரம் கெடுவதற்கும், பெரியவர் கையில் காலிப் பெட்டி மிஞ்சுவதற்கும் அதுவே காரணம். அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் வற்றச் செய்து அன்றைக்கே சாப்பிட்டால் கடைசல். முக்காலே மூன்று வீசமும் வற்றச் செய்து, எண்ணெயும் உப்பும் புளியும் காவல் வைத்தால் தொக்கு. முன்னது ஒரு வேளைக்கு. பின்னது இரண்டு மூன்று மாதத்துக்கு. இரண்டுக்கும் நடுவிலே உள்ள வித்தியாசம் அடுப்பின் முன் நிற்கும் பொறுமைதான்.

இந்தப் பழத்துக்குள் இன்னொரு ரகசியமும் உண்டு. 1908-ல் கிகுனே இகேதா என்ற ஜப்பானிய ரசாயன நிபுணர், தம் நாட்டார் கடற்பாசியைக் கொதிக்க வைத்து எடுக்கும் ரசம் ஏன் அவ்வளவு ருசிக்கிறது என்று ஆராய்ந்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு இவற்றில் எதிலும் சேராத ஒரு சுவைக்குக் குளூட்டமேட் என்ற பொருள் காரணம் என்று கண்டுபிடித்து, அதற்கு 'உமாமி' என்று நாமகரணம் செய்தார். நன்றாய்ப் பழுத்த தக்காளியில், முக்கியமாக விதையைச் சூழ்ந்திருக்கும் வழுவழுப்பான சோற்றில், அந்தப் பொருள் நிறைய இருக்கிறது. ஆறு சுவை கண்ட தமிழர்களுக்கு ஏழாவது ஒன்றைச் சொல்லிக் கொடுக்க ஜப்பானியர் வர வேண்டியிருந்தது. ஆனால் விதையை எடுத்து எறியாமல் அப்படியே சட்டியில் போட வேண்டும் என்பது ஆத்தாவுக்கு ஜப்பானியர் சொல்லித் தெரிந்ததல்ல.

கடைசல்

கொங்கு நாட்டில் பருப்பைக் கடைவார்கள், கீரையைக் கடைவார்கள், கொள்ளைக் கடைவார்கள். அரைப்பது வேறு, கடைவது வேறு. அரைத்தால் எல்லாம் ஒன்றாகிப் பசையாகிவிடும். மத்தால் கடைந்தால் மசிந்ததும் மசியாததுமாக, வெங்காயம் வெங்காயமாகவும் தக்காளி தக்காளியாகவும் நாக்குக்குத் தெரியும். மாவரைக்கும் இயந்திரங்களுக்குப் பேர் போன கோயமுத்தூரிலேயே மண்சட்டியும் மத்தும் இன்னும் வேலையிலிருந்து ஓய்வு பெறாததற்கு இதுதான் காரணம்.

நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அரைக் கிலோ தக்காளி போதும். சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு ஆறு பல், பச்சை மிளகாய் நாலு அல்லது ஐந்து, சீரகம் ஒரு சிறு கரண்டி, கொத்துமல்லி விதை ஒரு சிறு கரண்டி, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை, உப்பு இவை வேண்டும். எண்ணெய் கடலை எண்ணெயாயிருந்தால் நலம்.

சட்டியை அடுப்பில் வைத்து, இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுக் காய்ந்ததும் சீரகத்தையும் கொத்துமல்லி விதையையும் போட வேண்டும். வாசனை வந்ததும் வெங்காயம், பூண்டு, மிளகாய். வெங்காயம் கண்ணாடி போல் ஆனபின், நாலாக நறுக்கிய தக்காளியையும் மஞ்சளையும் உப்பையும் சேர்த்து மூடிவிட வேண்டும். இங்கேதான் நம் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றக் கை நீண்டது.

"தண்ணி உடாதே, அம்மணி! அதுக்குள்ள இருக்கற தண்ணியே சாஸ்தி. உப்பைப் போட்டா அதுவே உடும்" என்று ஆத்தா கையைப் பிடித்துக் கொண்டார்.

அப்படியே ஆயிற்று. உப்புப் பட்ட தக்காளி தன் தண்ணீரைத் தானே விட்டது. மிதமான நெருப்பில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வெந்து குழைந்தது. சட்டியை இறக்கி, ஆறு ஏழு சுற்று மத்தால் கடைந்தார்கள். தண்ணீர் மேலே மிதந்தால் அதை ஒரு கிண்ணத்தில் இறுத்துக் கொண்டு கடைந்து, பிறகு வேண்டிய அளவு சேர்த்துக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மத்து சுற்றுமே தவிர மசியாது. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, பச்சைக் கொத்துமல்லியைக் கிள்ளிப் போட்டதும் வேலை முடிந்தது.

இட்டிலி, தோசைக்குத் தொட்டுக் கொள்ளலாம். சந்தகைக்குப் பிரமாதம். ஆனால் இதன் பூரண மகிமையை அறிய வேண்டுமானால் சூடான ராகிக் களி வேண்டும். களியைக் கிள்ளிக் கடைசலில் தோய்த்து விழுங்கிப் பார்த்தவர்களுக்கு நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

தொக்கு

இனி, இரண்டாவது காரியம். மூன்று கிலோ தக்காளிக்கு நல்லெண்ணெய் 300 மி.லி., வரமிளகாய்த் தூள் 75 கிராம், உப்பு 80 கிராம், கொட்டையும் நாரும் நீக்கிய புளி பெரிய எலுமிச்சம்பழம் அளவு, கடுகு ஒரு மேஜைக் கரண்டி, வெந்தயம் ஒரு மேஜைக் கரண்டி, மஞ்சள் தூள் ஒரு சிறு கரண்டி, பெருங்காயம், நெல்லிக்காய் அளவு வெல்லம்.

பழங்களைக் கழுவித் துணியால் ஒற்றி, ஈரம் உலர விட வேண்டும். கறுத்த புள்ளியோ வெடிப்போ உள்ள பழத்தை இதில் சேர்க்கலாகாது. 'அந்த இடத்தை வெட்டிவிட்டால் போயிற்று' என்ற சிக்கனம் கடைசலுக்குச் செல்லும், தொக்குக்குச் செல்லாது. கடுகையும் வெந்தயத்தையும் வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்து வைத்துக் கொள்ள வேண்டும். வெந்தயம் கருகினால் தொக்கு முழுவதும் கசக்கும்.

பாத்திர விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தக்காளியும் புளியும் அமிலம் உள்ளவை. ஆகையால் அலுமினியமும், ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் உதவா. கனமான எவர்சில்வர் பாத்திரமோ, நன்றாய்ப் பழகின மண்சட்டியோ வேண்டும்.

நறுக்கிய தக்காளியையும் புளியையும் எண்ணெயில்லாமல் வேக வைத்து, ஆறியபின் அரைத்து, மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். முதலில் குதிக்கும்; எரிமலை போல் தெறிக்கும். கையில் நீண்ட கரண்டியும், மனத்தில் சாந்தமும் தேவை. பாதி வற்றிய பிறகு உப்பு, மஞ்சள், மிளகாய்த் தூள் சேர்த்து எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளற வேண்டும். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும்.

"எப்பொழுது இறக்குவது?" என்று நாம் கேட்டோம்.

"தொக்கே சொல்லும், கண்ணு" என்றார் ஆத்தா.

சொல்லத்தான் செய்தது. கொதிக்கும் சத்தம் மாறிற்று. தெறிப்பது நின்றது. கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, வழி மூடாமல் நின்றது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் கண்ணாடிபோல் தேங்கிற்று. வறுத்த பொடியையும் பெருங்காயத்தையும் வெல்லத்தையும் சேர்த்து, இன்னும் ஐந்து நிமிஷம் கிளறி இறக்கினார்கள். மூன்று கிலோ தக்காளிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகத் தொக்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் ஆவியாய்ப் போன தண்ணீர்.

எண்ணெய் சேர்த்துச் சமைப்பதில் உடம்புக்கும் ஒரு லாபம் இருக்கிறது. தக்காளிக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் லைக்கோபீன் என்னும் சத்து, பச்சையாய்த் தின்பதைவிட, எண்ணெயோடு வேக வைத்துச் சாப்பிடும்போது நம் உடம்பில் நன்றாய்ச் சேர்கிறது. ஆனால் உப்பும் காரமும் கூடியிருப்பதால் தொக்கு தொட்டுக் கொள்வதற்குத்தான், பிசைந்து கட்டுவதற்கல்ல. இரத்த அழுத்தக்காரர்கள் விரல் நுனியோடு நிறுத்திக் கொள்வது உசிதம்.

ஜாடியின் சத்துரு

நாம் ஒரு பாவத்தை ஒப்புக் கொள்ள வேண்டும். இதற்கு முந்திய வருஷம், யாரையும் கேட்காமல் நாமே ஒரு முறை தொக்குச் செய்தோம். ருசி அமோகமாய் இருந்தது. எட்டாம் நாள் ஜாடியைத் திறந்தபோது மேலே வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சைப் பூத்திருந்தது. மேலாக எடுத்துவிட்டுச் சாப்பிடலாமா என்று ஒரு கட்சி. கூடாது என்று ஒரு கட்சி. கடைசியில் ஜாடி முழுவதையும் கொட்டினோம். அதுவே சரி. பூஞ்சை கண்ணுக்குத் தெரிவது மேலே என்றாலும், அதன் வேரும் விஷமும் கீழே இறங்கியிருக்கும்.

ஆத்தாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "ஜாடியைக் கழுவினீங்களா?" என்று கேட்டார். கழுவினோம். "காய வச்சீங்களா?" அதுதான் இல்லை.

ஆகவே, கண்ணாடி ஜாடியைக் கழுவி, கொதி நீரில் போட்டெடுத்து, நல்ல வெயிலில் ஈரம் அடியோடு போகக் காய வைக்க வேண்டும். தொக்கு நன்றாய் ஆறிய பிறகு போட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து உள்ளே சொட்டும். மேலே ஒரு விரற்கடை எண்ணெய் நிற்க வேண்டும். எடுக்கும் கரண்டி ஒவ்வொரு தடவையும் உலர்ந்திருக்க வேண்டும்.

எண்ணெய் மூடியிருக்கிறதே, பயமில்லை என்று மட்டும் நினைக்கக் கூடாது. காற்றுப் புகாத இடத்தில்தான் வளருவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் 'பொட்டுலினம்' என்ற பொல்லாத கிருமி ஒன்று உண்டு. அதை அடக்குவது புளிப்பு. அமிலத்தை அளக்கும் கணக்கில் 4.6 என்பது எல்லைக் கோடு. எண் அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு அதிகம், கிருமிக்கு இடமில்லை. தக்காளியின் புளிப்பு பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. மிகவும் கனிந்த பழமானால் கோட்டைத் தொட்டுவிடும். அதனால் நம் பாட்டிமார்கள் புளிப்புள்ள பழத்தோடு மேலும் புளி சேர்த்தது வீணல்ல. புளியைக் குறைக்காதீர்கள். குளிர்ப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் இருக்கும். வெளியே வைத்தால் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் தீர்த்துவிடுவது புத்திசாலித்தனம். பச்சைப் பழங்களை மட்டும் குளிர்ப் பெட்டியில் திணிக்க வேண்டாம். மணமும் ருசியும் கெட்டுப் போகும்.

பெட்டிக் கணக்கு

இவ்வளவும் ஒரு பெட்டித் தக்காளியால் விளைந்தது. ஒன்பது கிலோ தொக்காயிற்று. மீதி, ஒரு வாரக் கடைசலும் ரசமுமாயிற்று. ஒரு பழமும் அழுகவில்லை.

இதனால் பெரியவருக்கு என்ன லாபம் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2021 நவம்பரில் அடை மழையால் செடிகள் அழுகிச் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. 2023 ஜூலையில் மறுபடி தாண்டிற்று; அரசாங்கம் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அதே வருஷம் செப்டம்பரிலேயே விலை மளமளவென்று சரிந்தது. காரணம் வெகு சாதாரணம். விலை ஏறியதைப் பார்த்து எல்லாரும் ஒரே சமயத்தில் நடுகிறார்கள். நட்ட அறுபது எழுபது நாளில் எல்லார் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் பழுக்கிறது. நெல்லைப் போல் குதிரில் கொட்டி வைக்க முடியாது; மஞ்சளைப் போல் மூட்டை கட்டிக் காத்திருக்க முடியாது. பழுத்த பழம் நாலு நாளைக்கு மேல் நிற்காது. இந்தக் கஷ்டத்தைப் போக்க 2018-ல் மத்திய சர்க்கார், தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றுக்குமாக 500 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் விலையின் ஏற்ற இறக்கம் நின்றபாடில்லை.

நம்முடைய ஒரு ஜாடித் தொக்கு இந்தப் பெரிய ஊஞ்சலை நிறுத்தப் போவதில்லை. ஆனால் கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் உள்ள குடும்பங்களில் பத்தில் ஒன்று, மலிந்த வாரத்தில் ஒரே ஒரு பெட்டி அதிகமாக வாங்கினால், எத்தனை பெட்டி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ 100 ரூபாய் விற்கும் மாதத்தில் அதே குடும்பங்கள் ஜாடியைத் திறந்து கொண்டு, சந்தைப் பக்கம் போகாமல் இருக்கலாம். மலிந்த நாளில் விற்கிறவனுக்கும், கிராக்கி நாளில் வாங்குகிறவனுக்கும் சேர்ந்து ஒரே ஜாடி உபகாரம் செய்கிறது.

அடுத்த சந்தையன்று ஒரு சிறு பாட்டிலில் தொக்கை எடுத்துக் கொண்டு கிணத்துக்கடவுக்குப் போனோம். பெரியவர் அதே மூலையில் இருந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க. எங்க தக்காளியா இது?"

"உங்களுடையதுதான். நீங்களும் வீட்டில் இப்படிச் செய்து வைக்கலாமே?" என்றோம். சொன்னபோது நமக்கு வெகு பெருமையாய் இருந்தது.

பெரியவர் சிரித்தார். "எண்ணெய் என்ன வெலை விக்குதுங்க? கேஸு என்ன வெலை? ஊட்டுல பொம்பளையாளு வெடிஞ்சாப் பறிப்புக்குப் போனா, பொழுதோடதானுங்க வருவா. அதுக்கு மேல எந்த நேரத்துல கிளறச் சொல்றீங்க?"

நம் பெருமை அந்த இடத்திலேயே வற்றிப் போயிற்று. உண்மைதான். மலிந்த காலத்தில் மூன்று கிலோ தக்காளியின் விலையைவிட, அதை வதக்கும் நல்லெண்ணெயின் விலை பல மடங்கு. தக்காளியை விளைவிக்கிறவருக்கு நேரமும் முதலும் இல்லை. நேரமும் முதலும் உள்ள நமக்கோ சந்தைக்குப் போகச் சோம்பல். கடையில் பளபளப்பான பாட்டிலில் சர்க்கரைப் பாகாய் வரும் தக்காளிச் சாற்றை வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுத் திருப்தியடைகிறோம். பறிக்கிற பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, ஊரிலேயே ஒரு பொது அடுப்பு மூட்டி, இதே வேலையைக் கூலியோடும் லாபத்தோடும் செய்யும் நாள் வர வேண்டும். அதற்கு வேண்டிய வித்தையைச் சொல்லிக் கொடுக்கக் கோயமுத்தூரிலேயே விவசாயச் சர்வகலாசாலை இருக்கிறது. 1950 முதல் மைசூரில் மத்திய உணவு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

அந்த நாள் வரும் வரையில் நம்மால் முடிந்தது சிறிய காரியம். அன்று இரண்டு பெட்டி வாங்கினோம். அவர் சொன்ன விலைக்கு மேலே கொஞ்சம் கொடுத்ததும், கணக்குப் பார்த்துச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாட்டிலை மட்டும் வைத்துக் கொண்டார்.

வீட்டில் இந்தத் தடவை கல்யாணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "ஆத்தாவைக் கூப்பிடுங்கள்" என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது.